முந்நூற்று நாற்பத்தைந்து – 7: பாலம் வெடித்த ஊருக்கு வந்த பஸ்

சென்ற வாரம் 1841-ஆம் ஆண்டில் நிறுத்தியிருந்தோம். அந்த ஆண்டு வந்த 4-ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், தெருவில் நடமாடும் பெண்ணின் நடத்தையை எடைபோடும் அதிகாரத்தைப் பொலிஸ்காரரின் கையில் கொடுத்தது. "நீ ஏன் இங்கே நிற்கிறாய்?" என்று அவளைக் கேட்க இலங்கையில் சட்டம் வந்துவிட்டது. "அவளிடம் ஏன் வம்பு செய்தாய்?" என்று அவனைக் கேட்கும் சட்டம் எப்போது வந்தது? அந்தக் கேள்வியோடுதான் பிரிந்தோம்.

அதற்கு 42 ஆண்டுகள் ஆயின.

மெக்காலே 1837-இல் எழுதி முடித்த வரைவு 1860-இல் இந்தியத் தண்டனைச் சட்டமானது. பெரும்பாலும் அதையே பின்பற்றி, 1883-ஆம் ஆண்டின் 2-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை பிறந்தது. இந்தியாவில் 354 என்ற எண்ணில் இருந்த குற்றம் இங்கே 345-ஆம் பிரிவில் வந்து உட்கார்ந்தது. ஒரு பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் எண்ணத்தோடு அவளைத் தாக்குவது, அல்லது அவள்மீது பலத்தைப் பிரயோகிப்பது. அந்தப் பிரிவு சொன்ன குற்றம் அவ்வளவுதான். இந்தத் தொடருக்குப் பெயர் கொடுத்த எண் இதுதான்.

பிரிவை ஆற அமர வாசித்தால் அது யாரைக் கைவிடுகிறது என்பது புரியும். முதலில், அவன் கை அவள்மீது பட்டிருக்க வேண்டும், அல்லது அடிக்க ஓங்கியிருக்க வேண்டும். வழியில் நின்று ஆபாசமாகப் பேசியவனும், பின்னாலேயே நடந்துவந்து பயமுறுத்தியவனும் இந்தப் பிரிவுக்குள் வரமாட்டார்கள். இரண்டாவது, பட்ட கை எண்ணத்தோடு பட்டது என்று நிரூபிக்க வேண்டும். மூன்றாவதுதான் கொடுமை. அவளுக்கு ஏற்பட்ட வலியையும் பயத்தையும் சட்டம் கணக்கில் எடுக்கவில்லை. அவளுடைய 'மானம்' பங்கப்பட்டதா என்று மட்டுமே பார்த்தது. மானம் என்று வந்துவிட்டால், நீதிமன்றத்தில் முதல் கேள்வி அவளைப் பற்றியதாகத்தான் இருக்கும். இவள் எப்படிப்பட்டவள்? எந்த நேரத்தில் அங்கே போனாள்? யாரோடு போனாள்?

இந்தச் சட்டம் களனிப் பள்ளத்தாக்கின் கித்துல்கலப் பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணுக்கு எவ்வளவு தூரம் எட்டியது?

கோப்பி அழிந்து தேயிலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. களனிப் பள்ளத்தாக்கில் பின்னால் ரப்பரும் சேர்ந்தது. தோட்டத்துப் பெண்ணின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் லயத்தில் எழும்புகிறாள். பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்கிறாள். மலையில் கொழுந்தெடுக்கிறாள், அல்லது ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறாள். நிறுவைக்கு வருகிறாள், அரிசி வாங்குகிறாள், மறுபடி லயம். இத்தனை இடமும் துரையின் தனிச்சொத்து. பிற்காலத்தில் தொழிற்சங்கக்காரர்கள் தோட்டத்துக்குள் காலெடுத்து வைத்தாலே அத்துமீறல் வழக்குப் பாய்ந்தது இதனால்தான். ஊர்க்காரருக்குப் 'பொது இடம்' என்பது வீட்டு வாசற்படியைத் தாண்டியதும் தொடங்கிவிடும். தோட்டத்துப் பெண்ணுக்கு அது தோட்டத்து எல்லைக்கு அப்பால்தான். அந்த எல்லைக்குள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும். தொல்லை கொடுப்பவரும் முறைப்பாட்டைக் கேட்பவரும் பல வேளைகளில் ஒரே ஆள்.

தாங்க முடியாவிட்டால் ஓடிப்போகலாமே என்பீர்கள்.

அங்கேதான் இன்னொரு சட்டம் குறுக்கே நின்றது. 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கத் தொழில் ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்படி, தகுந்த காரணமின்றி வேலையை விட்டுப் போவது குற்றம். சம்பளம் பறிபோகும், தண்டப்பணம் விழும், சிறைக்கும் போக நேரும். தப்பி அடுத்த தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும் 'துண்டு' கேட்பார்கள். பழைய தோட்டத்துக் கடன் இவ்வளவு, அதை அடைத்தால் ஆளை விடலாம் என்று எழுதிய சீட்டு அது. துண்டு இல்லாதவளுக்கு வேலையும் இல்லை. கடனோ பெரும்பாலும் கங்காணியின் கணக்கில் இருக்கும். யாரிடமிருந்து தப்ப நினைக்கிறாளோ, அவனுடைய கணக்கைத் தீர்த்த பிறகுதான் அவள் தப்ப முடியும்.

இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவளைத் தொந்தரவு செய்தவனைத் தண்டிக்க, கை பட்டதையும் எண்ணத்தையும் மானத்தையும் நிரூபிக்க வேண்டும். அவனுக்குப் பயந்து ஓடியவளைத் தண்டிக்க, பெரட்டில் அவள் பெயர் இல்லை என்று காட்டினால் போதும். 19-ஆம் நூற்றாண்டின் சட்டங்களிலே நான் வாசித்த மிகப் பெரிய அநீதி இதுதான் என்பேன். துண்டு முறை ஒழிய 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பின் ஆறு ஆண்டுகள் கழித்து, கடல் கடந்து வந்த ஓர் ஆணைக்குழு ஒரு பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்டது. அந்தப் பதில் மட்டும் வேறு மாதிரி வந்திருந்தால், தோட்டத்துப் பெண்ணின் வரலாறே மாறிப்போயிருக்கும்.

*

கேட்டது டொனமூர் ஆணைக்குழு. சாட்சியம் சொல்லப் போனவர்கள் 1927-இல் தொடங்கிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தினர். அவர்களில் ஒருவர் அக்னஸ் டி சில்வா. வசதியும் படிப்பும் உள்ள குடும்பத்துப் பெண்மணிகள் அவர்கள். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என்று ஆணையாளர் கேட்டார். நிச்சயமாக வேண்டும், அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்பதே அக்னஸின் பதிலின் சாரம். சிங்களத் தலைவர்களில் பலர் தோட்டத் தமிழரின் வாக்குரிமையையே எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் இப்படியொரு பதில் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். மலையகத்துப் பள்ளிக்கூடங்களில் இந்தப் பெயரைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

1931-இல் 21 வயது நிரம்பிய பெண்களுக்கு வாக்கு கிடைத்தது. தோட்டத்துப் பெண்களிலும் ஒரு பகுதியினர் அதைப் பெற்றார்கள். 17 ஆண்டுகள் கழித்து, 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டே வாக்கும் போயிற்று. இதைக் குறித்து நூல்கள் பல உண்டு, இங்கே விரிக்கவில்லை. நம் கதைக்கு வேண்டியது ஒன்றுதான். வாக்கில்லாதவள் பொலிஸ் நிலையத்துக்குப் போனால், அவளுக்காகத் தொலைபேசியை எடுத்துப் பேச ஒரு பாராளுமன்ற உறுப்பினரும் இல்லை. கடைசி நாடற்றவருக்கும் வழிவிட்ட சட்டம் 2003-இல்தான் வந்தது. 345 அத்தனை காலமும் ஏட்டில் இருந்தது.

*

கித்துல்கல என்றதும் வெளியூர்க்காரருக்கு நினைவு வருவது சினிமாப் பாலம். 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்துக்காக டேவிட் லீன் களனி கங்கையின் குறுக்கே மரப்பாலம் கட்டி, 1957 மார்ச்சில் அதை வெடிவைத்துத் தகர்த்தார். படம் ஏழு ஒஸ்கார் விருதுகளை வாங்கியது. இன்றும் அந்த இடத்தைத் தேடி வருகிறவர்கள் உண்டு. பக்கத்திலேயே ரப்பர்ப் படகில் ஆற்றின் வேகத்தோடு விளையாட வருகிறவர்களும் உண்டு.

தோட்டத்துப் பெண்களின் வரலாற்றில் அந்தப் பாலத்தைவிடப் பெரிய சம்பவம் அடுத்த ஆண்டு நடந்தது. 1958 ஜனவரி 1-ஆம் திகதி பஸ் கம்பனிகள் தேசியமயமாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபை தொடங்கியது. யட்டியாந்தோட்டை வரை வந்த களனிப் பள்ளத்தாக்குச் சிறு ரெயில் பாதை உலகப்போர்க் காலத்திலேயே கழற்றப்பட்டுவிட்டது. கித்துல்கலைக்கு அது வந்ததே இல்லை. எனவே அவிசாவளைக்கோ ஹட்டனுக்கோ போக வேண்டுமானால் பஸ்தான். ஆஸ்பத்திரிக்குப் பஸ், தீபாவளிச் சாமான் வாங்கப் பஸ், மேல் வகுப்புப் படிக்கப் பஸ். 1990-களின் இறுதியில் அவிசாவளையில் சீதாவாக்கை ஏற்றுமதி வலயம் வந்த பிறகு, தோட்டத்துப் பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகவும் பஸ். தோட்டத்து எல்லையைத் தாண்டிய பெண்ணுக்குக் கிடைத்த முதல் பொது இடம், இரண்டு பேர் இருக்கையில் மூன்று பேர் நெருக்கியடிக்கும் அந்த பஸ்தான்.

அங்கே 1883-ஆம் ஆண்டின் சட்டம் நொடியில் தோற்றுப்போனது. கினிகத்தேனைப் பக்கமிருந்து இறங்கிவரும் அந்தப் பாதை வளைவுகளுக்குப் பேர்போனது. ஒவ்வொரு வளைவிலும் நிற்கிறவர்கள் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்வார்கள். பின்னால் நிற்கும் பிள்ளை பிடிகம்பியை ஒரு கையால் பிடித்து, மறு கையால் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருக்கிறாள். தோளோடு தோள் உராய்கிறது. அது நெரிசல். அடுத்த வளைவில் மீண்டும் உராய்கிறது. பஸ் நேராக ஓடும்போதும் அந்த உடம்பு விலகவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறான். "நங்கி, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று கண்டக்டர் முன்னால் போகச் சொல்கிறார். முன்னால் போக இடமில்லை.

இவனை 345-இல் நிறுத்துங்கள் பார்க்கலாம். எண்ணம் எங்கே என்பார் அவன் சட்டத்தரணி. "பிரேக் போட்டாங்க ஐயா, விழுந்துட்டேன்" என்றால் தீர்ந்தது. வாயால் சொன்னவனோ தொடவே இல்லையே என்பான்.

இந்த இரண்டு பதில்களும் செல்லாமற்போக 112 ஆண்டுகள் பிடித்தன. அந்த மாற்றம் வந்த அதே 1995-இல், பாக்கு நீரிணைக்கு அப்பால் வேறொரு பெண் ஏழாண்டுக் காத்திருப்பின் முடிவுக்கு வந்திருந்தார்.

*

அவர் ரூபன் தியோல் பஜாஜ். பஞ்சாப் அரசில் உயர் பதவியிலிருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1988 ஜூலையில் சண்டிகரில் ஒரு விருந்தில், எல்லாரும் பார்க்க, அம்மாநிலப் பொலிஸின் தலைவர் கே. பி. எஸ். கில் தம் உடம்பில் தட்டினார் என்று முறையிட்டார். குற்றச்சாட்டு 354-இன் கீழ், அதாவது நம் 345-இன் உடன்பிறப்பின் கீழ். உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. 1995 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம் அதை உயிர்ப்பித்தது. 1996 ஜனவரியில் கில் குற்றவாளி என்று தீர்ப்பானது. ஐ.ஏ.எஸ். அதிகாரியான ஒரு பெண்ணே, சாட்சிகள் நிறைந்த ஒரு கூடத்தில் நடந்ததற்கு, மானத்தை நிரூபிக்க இத்தனை ஆண்டுகள் அலைந்தார். லயத்துப் பெண்ணின் நிலையை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்திய நீதிமன்றம் மானம் என்ற பழைய சொல்லை வைத்துக்கொண்டு அதற்கு விளக்கம் தேடிக்கொண்டிருந்த அதே ஆண்டில், இலங்கைப் பாராளுமன்றம் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டது. 1995-ஆம் ஆண்டின் 22-ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை திருத்தச் சட்டம் அதைச் செய்தது. அப்போது நீதி அமைச்சர் ஜி. எல். பீரிஸ். இலங்கை 1981-இலேயே பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றிருந்தது. 1993-இல் மகளிர் சாசனம் வந்திருந்தது. 1994-இல் வந்த அரசில் போக்குவரத்தும் மகளிர் விவகாரமும் ஸ்ரீமணி அத்துலத்முதலி என்ற ஒரே அமைச்சரிடம் இருந்தன. பஸ்ஸும் பெண்ணும் ஒரே மேசைக்கு வந்த காலம் அது.

புதிய 345-ஐ வரிவரியாகப் பார்ப்பது பயன் தரும், ஏனென்றால் இன்றும் நம் பொலிஸ் நிலையங்களில் இருப்பது இதுதான்.

முதலில், குற்றத்தின் பெயர் மாறியது. 'பாலியல் தொந்தரவு' என்ற பெயர் வந்தது. மானத்தைப் பற்றிய பேச்சே இல்லை. எனவே அவள் எப்படிப்பட்டவள் என்ற கேள்விக்குப் பிரிவில் இடமில்லை. அடுத்து, பெண் என்ற இடத்தில் 'வேறொருவர்' என்று வந்தது. ஆண்பிள்ளைக்கு நடந்தாலும் குற்றமே. மூன்றாவது, கை மட்டுமல்லாமல் வாயும் குற்றத்துக்குள் வந்தது. சொல்லாலோ செயலாலோ பாலியல் ரீதியான எரிச்சலை, தொந்தரவை உண்டாக்கினால் போதும். வழிமறித்துப் பேசியவன், சைகை காட்டியவன், பஸ்ஸில் உராய்ந்தவன் எல்லாரும் ஒரே பிரிவுக்குள் வந்தார்கள். தண்டனை ஐந்து ஆண்டுகள் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கவும் நீதிமன்றம் உத்தரவிடலாம்.

இவையெல்லாவற்றுக்கும் மேலாக, பிரிவின் கீழே ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது. அதிகாரத்தில் இருக்கும் ஒருவர், வேலைத்தளத்திலோ வேறெந்த இடத்திலோ, சொல்லாலோ செயலாலோ விரும்பத்தகாத பாலியல் அணுகுதலைச் செய்தால் அதுவும் பாலியல் தொந்தரவே. 'வேறெந்த இடத்திலோ' என்ற அந்த இரண்டு சொற்களுக்குள் பெரட்டுக் களம் வருகிறது, நிறுவை மடுவம் வருகிறது, மலையில் இருக்கும் ஒற்றையடிப் பாதையும் வருகிறது. 1883-ஆம் ஆண்டின் சட்டத்துக்கு வெளியே கிடந்த தோட்டம், 1995-இல் சட்டத்துக்குள் வந்தது. கங்காணியின் பெயர் அதில் இல்லை. ஆனால் அவரைத்தான் சொல்கிறது என்று மலையகத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நல்ல சட்டம். தென்னாசியாவில் அன்றைய நிலையில் முன்னே நின்ற சட்டம் என்றே நான் கருதுகிறேன். ஒரு மரணமும் இல்லாமல், ஒரு ஊர்வலமும் இல்லாமல், அமைதியாக வந்தது. அதுவே அதன் குறையாகவும் போயிற்று. வந்ததை நாடு அறியவில்லை.

தமிழ்நாட்டில் அப்படி அமைதியாக வரவில்லை. அங்கே ஓர் ஆட்டோ வந்தது.

*

1998 ஜூலை, சென்னை. எத்திராஜ் மகளிர் கல்லூரி மாணவி சரிகா ஷா. ஆட்டோவில் வந்த இளைஞர் கும்பல் சீண்டியது; ஒருவன் அவர்மேல் வந்து விழுந்தான்; கீழே விழுந்ததில் தலையில் அடி. மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. சென்னையின் கல்லூரிகள் கொதித்தெழுந்தன. அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அது 1998-ஆம் ஆண்டின் 44-ஆம் சட்டமானது. அதன் பெயரில் முதலில் 'ஈவ் டீசிங்' என்று இருந்தது. ஒரு பெண்ணின் உயிரைக் குடித்த செயலுக்கு விளையாட்டுப் பெயரா என்ற கோபம் நியாயமானது. 2002-இல் 'பெண்ணுக்குத் துன்புறுத்தல்' என்று பெயரைத் திருத்தினார்கள்.

சட்டம் வந்து ஓராண்டுகூட நிறைந்திருக்கவில்லை. 1999 ஜூலை 9-ஆம் திகதி இரவு 11 மணி, தென்காசி பஸ் நிலையம். ஒரு பெண் தன் கணவரோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார். குடிபோதையில் ஒருவன் வந்து அவரிடம் வம்பு செய்கிறான். யார் அவன்? குற்றாலம் சீசன் பாதுகாப்புப் பணிக்காக அனுப்பப்பட்ட பொலிஸ்காரன்!

குற்றவியல் வழக்கில் அவன் விடுதலையானான். துறை அவனை வேலையை விட்டு நீக்கியது. உயர் நீதிமன்றம் நீக்கத்தை ரத்துச் செய்தது. கடைசியில் 2012 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் கே. எஸ். ராதாகிருஷ்ணன், தீபக் மிஸ்ரா அமர்வு, நீக்கியது சரியே என்றது. அதோடு நிற்கவில்லை. பஸ் நிலையங்களிலும் ரெயில் நிலையங்களிலும் கோயில்களிலும் சாதாரண உடையில் பெண் பொலிஸாரை நிறுத்துங்கள், முக்கிய இடங்களில் கமராக்கள் வையுங்கள் என்று நாடு முழுவதற்கும் கட்டளையிட்டது. அந்தக் கட்டளைகளில் ஒன்றை நான் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ஓடும் பஸ்ஸில் தொந்தரவு நடந்து, பாதிக்கப்பட்டவர் முறையிட்டால், சாரதியும் நடத்துனரும் பஸ்ஸை நேராகப் பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்கு ஓட்டிச் செல்ல வேண்டும். தவறினால் அந்த பஸ்ஸின் அனுமதிப்பத்திரம் ரத்து.

இந்த ஒரு வரி கித்துல்கலப் பாதைக்கு எவ்வளவு தேவை என்பதைப் பாதையைத் தெரிந்தவர்கள் உணர்வார்கள். ஹட்டன் மத்திய மாகாணம். கித்துல்கல சப்ரகமுவ. அவிசாவளை மேல் மாகாணம். ஒரே பஸ் பயணத்தில் மூன்று மாகாணங்கள். இதில் எந்த வளைவில் அவன் தொட்டான், அது எந்தப் பொலிஸ் பிரிவு என்று ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை எப்படிச் சொல்வாள்? அவள் இறங்கி, விசாரித்து, பொலிஸ் நிலையத்தைக் கண்டுபிடிக்கும்போது அந்த பஸ் அவிசாவளையைத் தாண்டியிருக்கும். சாட்சிகளும் அதோடு போயிருப்பார்கள். பஸ்ஸே பொலிஸ் நிலையத்துக்குப் போனால்தான் ஆளும் சாட்சியும் ஒன்றாகக் கிடைக்கும். மாகாணம் விட்டு மாகாணம் ஓடும் பஸ்களுக்கு அனுமதி வழங்குவது தேசியப் போக்குவரத்து ஆணைக்குழு. அனுமதிப்பத்திரத்தில் இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கக் கோடிக்கணக்கில் செலவில்லை. மலையகப் பிரதிநிதிகள் இதைக் கேட்க வேண்டும்.

*

ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015-இல் இலங்கை முழுவதும் 2,500 பெண்களிடம் ஆய்வு நடத்தியது. பஸ்ஸிலோ ரெயிலிலோ பாலியல் தொந்தரவுக்கு ஆளானவர்கள் 90 சதவீதம். பொலிஸில் முறையிட்டவர்கள் 4 சதவீதம்.

புதிய 345 வந்து 20 ஆண்டுகள் கழிந்த பிறகும் இந்தக் கணக்கு. ஏன்?

நம் தோட்டத்துப் பிள்ளையைக் கேளுங்கள். முறைப்பாடு எழுதும் அதிகாரிக்குத் தமிழ் தெரியாவிட்டால், அவள் சொன்னது வேறு, எழுதியது வேறு ஆகலாம். அதில்தான் அவள் கையெழுத்து விழும். அரச அதிகாரியோடு தமிழில் பேசும் உரிமையை அரசியலமைப்பு அவளுக்குக் கொடுத்திருக்கிறது. தமிழில் எழுதுங்கள் என்று கேட்கலாம், வாசித்துக் காட்டாமல் கையெழுத்துப் போட மறுக்கலாம். இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் குறைவு. பொலிஸுக்கும் நீதவான் நீதிமன்றத்துக்கும் அலைந்தால் அன்றன்றைக்குப் பேர் போய்விடும். பேர் போனால் சம்பளம் இல்லை. லயத்தில் ஒரு சுவருக்கு அடுத்த வீடு. பொலிஸுக்குப் போனாள் என்ற செய்தி அவளுக்கு முன்னால் வீடு வந்து சேரும். "கண்டும் காணாத மாதிரி வந்துடு புள்ள" என்று அம்மா சொல்வது இத்தனையையும் கணக்குப் போட்டுத்தான். சொல்லும்போதே பிள்ளையின் தாவணியிலோ பையிலோ ஓர் ஊக்கைக் குத்தி அனுப்புகிறாள். சட்டக்கோவையில் ஐந்து ஆண்டுச் சிறை இருக்கிறது. அம்மா நம்புவது அந்த ஊக்கை.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: மகளிர் உதவி இலக்கம் 1938, பொலிஸின் சிறுவர் மகளிர் பணியகத்துக்கு 109, பஸ் தொடர்பான முறைப்பாட்டுக்குத் தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955. பஸ்ஸின் இலக்கத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்தில் நிற்கும் ஒரு பெண்ணிடம் சத்தமாகச் சொல்லுங்கள். அவர்தான் உங்கள் முதல் சாட்சி.

எதிர்த்து நிற்கத் துணிந்தவளுக்கு என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மேலே சொன்ன ஆய்வுக்கு முந்தைய ஆண்டு, 2014 ஆகஸ்ட், குருநாகல் மாவட்டம் வாரியப்பொல பஸ் நிலையம். ஓர் இளம்பெண்ணைப் பார்த்து ஓர் இளைஞன் ஏதோ சொல்கிறான். அவள் தலையைக் குனிந்து போகவில்லை. திரும்பி வந்து, சனம் பார்க்க, அவன் கன்னத்தில் அறைகிறாள். ஒருவர் அதைக் கைபேசியில் படம்பிடிக்கிறார். சில நாட்களில் அந்தக் காட்சியை நாடே பார்த்துவிட்டது. புதிய 345-இன்படி சொல்லாலும் குற்றம்; சொன்னவன் படத்தில் இருக்கிறான்; சாட்சிகள் ஒரு பஸ் நிலையம் நிறைய.

வாரியப்பொல பொலிஸ் அந்தப் பெண்ணைக் கைது செய்து நீதவான் முன் நிறுத்தியது. அவள் பிணையில்தான் வெளியே வந்தாள்.

சட்டம் அவள் பக்கம் இருந்தும் இது எப்படி நடந்தது? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)